அன்று தாங்கிய அளவு இன்று தாங்காது

போன ஆடி மாதம் ஒரு மதியம், கடையில் கூட்டம் இல்லாத நேரம். இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் ஒரு அம்மா வந்து நின்றார். மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்க வருபவர்தான். அன்று சீட்டை நீட்டவில்லை. கண்ணாடி மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றார். அவருடைய மகன் டைல்ஸ் ஒட்டும் வேலை பார்த்தவன், 22 வயசு. இடுப்பு வலிக்கு என்று யாரோ கொடுத்த மாத்திரையில் தொடங்கி, ஊசி வரை போய்விட்டான். கடன் வாங்கி ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். இரண்டு மாதம் கழித்து உடம்பு தேறி, கன்னம் வைத்து வீட்டுக்கு வந்தான். வந்த ஐந்தாம் நாள் இரவு தூங்கினவன் எழுந்திருக்கவில்லை.

அந்த அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "முன்னாடி இதைவிட எவ்வளவோ அதிகமா போட்டப்பகூட ஒண்ணும் ஆகலையே தம்பி. நல்லாயி வந்த புள்ள, அதுல பாதிகூட போட்டிருக்க மாட்டான். எப்படிப் போவான்? எதையாவது கலந்து கொடுத்துட்டாங்களா?"

எனக்குப் பதில் தெரியும். மருந்துக்கடையில் 19 வருஷமாக நிற்கிறேன், பார்மசி படிக்கும்போதே சொல்லிக்கொடுத்த பாடம் அது. ஆனால் அந்த இடத்தில், அந்த முகத்தைப் பார்த்து, வாய் வரவில்லை. ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன், இந்தப் பதில் தெரியாததாலேயே நிறையப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்த பிறகு சாகிறார்கள் என்பதால்.

முதலில் இந்த மருந்து வகையைப் பற்றி. குருமாவில் அரைத்து ஊற்றுகிறோமே கசகசா, அந்தச் செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். விதையில் போதை கிடையாது, காயின் பாலில்தான் எல்லாம் இருக்கிறது. (ஆனாலும் அந்தப் பாலின் தடம் விதையில் ஒட்டியிருக்கலாம் என்பதால் சிங்கப்பூருக்கும் அமீரகத்துக்கும் கசகசா கொண்டுபோகக் கூடாது. ஊரிலிருந்து மசாலா கட்டிக் கொடுக்கும் அம்மாக்கள் கவனிக்கவும்.) அந்தப் பாலிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த செர்ட்டூர்னர் என்ற மருந்தாளர் மார்பினைப் பிரித்தெடுத்தார். அதே நாட்டின் பேயர் கம்பெனி 1898-ல் ஹெராயினை இருமல் மருந்தாகவே சந்தைக்குக் கொண்டுவந்தது. பிறகு செடியே இல்லாமல் ஆய்வகத்தில் செய்யும் மருந்துகள் வரிசையாக வந்தன: மெத்தடோன், ஃபென்டனில், டிரமடால், டேப்பன்டடால். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓபியாய்டு என்று பெயர். தெருவில் விற்கும் பொட்டலமும் ஆபரேஷன் தியேட்டரில் போடும் ஊசியும் குடும்பத்தால் ஒன்றுதான்.

இவை செய்யும் வேலையைப் பாருங்கள். மூளையிலும் தண்டுவடத்திலும் சில பூட்டுகள் இருக்கின்றன. நம் உடம்பே சுரக்கும் எண்டார்ஃபின் அந்தப் பூட்டுகளுக்கான சாவி. ஓபியாய்டு மருந்து அந்தச் சாவியின் கள்ளச்சாவி மாதிரி, அதே பூட்டுகளைத் திறந்துவிடும். வலி அடங்கும், மனசுக்குள் ஒரு வெதுவெதுப்பு வரும், பயமும் கவலையும் தள்ளிப்போகும். சிக்கல் என்னவென்றால், அதே பூட்டுகள் மூளைத்தண்டிலும் இருக்கின்றன, மூச்சு விடும் தாளத்தை நடத்துகிற இடத்தில். நாம் தூங்கும்போதும் நினைக்காமலேயே மூச்சு விடுகிறோமே, அந்தக் கணக்கை வைத்திருக்கும் இடம் அது. அளவு மீறினால் அந்தத் தாளம் மெதுவாகி, மெதுவாகி, நின்றுவிடும். ஓபியாய்டு ஓவர்டோஸ் மரணம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. சத்தம் இல்லை, துடிப்பு இல்லை. பக்கத்தில் படுத்திருப்பவர்கூட "அசந்து தூங்குறான்" என்று நினைத்துக்கொள்வார்.

சரி, பத்து மாத்திரை போட்டவன் எப்படி உயிரோடு இருந்தான்? உடம்பு பழகிவிடுவதால். தினமும் கள்ளச்சாவி வந்துகொண்டே இருந்தால் மூளை தன் பக்கத்தில் பூட்டை இறுக்கிக்கொள்ளும், பூட்டுகளின் எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்ளும். நேற்று ஒன்றில் கிடைத்தது இன்று இரண்டில்தான் கிடைக்கும், அடுத்த மாதம் ஐந்தில்கூடக் கிடைக்காது. இதைத் தாங்குதிறன் என்கிறார்கள். மூச்சும் அதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுகிறது, அதனால்தான் சாதாரண ஆளைக் கொன்றுவிடக்கூடிய அளவைப் போட்டுக்கொண்டு ஒருவன் வேலைக்கும் போய் வருகிறான்.

இதன் மறுபக்கம், மருந்து வராவிட்டால் படும் பாடு. இதை விலகல் என்கிறார்கள். கொட்டாவி, மூக்கு ஒழுகல், கண்ணீர், கோழித்தோல் மாதிரி மயிர்க்கூச்செறிதல், வயிற்றைப் பிசையும் வலி, பேதி, வாந்தி, எலும்புக்குள் குடைச்சல், கால் ஒரு இடத்தில் நிற்காது, தூக்கம் என்பதே கிடையாது. ஹெராயின் மாதிரி சீக்கிரம் இறங்கும் சரக்கு என்றால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் இது தொடங்கிவிடும், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் உடம்பளவில் அடங்கும். குடியை ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரே போகலாம். ஓபியாய்டில் விலகல் பெரும்பாலும் உயிரை எடுக்காது, ஆனால் செத்தால் தேவலை என்று தோன்ற வைக்கும். இந்த நிலைக்கு வந்தவன் சுகத்துக்காக மாத்திரை தேடுவதில்லை. காலையில் எழுந்து பல் தேய்க்கிற அளவுக்காவது உடம்பு ஒத்துழைக்க வேண்டுமே என்றுதான் தேடுகிறான். வீட்டில் இருப்பவர்களுக்கு இது புரியாமல், "திமிர் எடுத்து ஆடுறான்" என்று அடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். இரண்டு மாதம் மாத்திரையே இல்லாமல் இருந்தால், மூளை இறுக்கிய பூட்டைத் தளர்த்திவிடுகிறது. பழக்கம் போய்விடுகிறது, சில நாட்களிலேயே குறையத் தொடங்கி சில வாரங்களில் கிட்டத்தட்ட முதல்நாள் நிலைக்கே வந்துவிடுகிறது. ஆனால் ஆசை அப்படிப் போவதில்லை. அந்தத் தெரு, அந்த நண்பன், அந்தக் கவலை எல்லாம் அதே இடத்தில் இருக்கின்றன. ஒரு நாள் சறுக்குகிறான். அவனுடைய கைக்கு நினைவிருப்பது பழைய அளவு. பாதியாகக் குறைத்துப் போட்டால்கூட, இந்தப் புது உடம்புக்கு அது ஒருபோதும் போடாதவன் போட்ட மாதிரி. யாரும் எதையும் கலக்க வேண்டிய அவசியமே இல்லை. அவன் சுத்தமாகி வந்ததுதான் அவனை ஆபத்தில் நிறுத்தியது, அந்த ஆபத்தை அவனுக்கும் அவன் வீட்டுக்கும் யாரும் சொல்லி அனுப்பவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களைப் பின்தொடர்ந்து 2007-ல் ஒரு ஆய்வு வெளியானது. வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் ஓவர்டோஸில் சாகும் வாய்ப்பு, மற்ற மக்களோடு ஒப்பிட்டால் 129 மடங்கு. சிறைக்குள் கட்டாயமாக நிறுத்தப்பட்டு, பழக்கம் இறங்கிய உடம்போடு வெளியே வருகிறார்கள். பூட்டி வைத்து நிறுத்தவைக்கிற எல்லா இடத்துக்கும் இது பொருந்தும், வாசலில் மறுவாழ்வு என்று பலகை இருந்தாலும் சரி.

நம் பக்கம் நிலவரம் என்ன? மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சுமார் 2.26 கோடி பேர் ஏதோ ஒரு ஓபியாய்டு எடுக்கிறார்கள். அதில் ஏறத்தாழ 77 லட்சம் பேர் உடம்புக்கும் வாழ்க்கைக்கும் கேடு வரும் அளவுக்கோ, விட முடியாத அளவுக்கோ போய்விட்டவர்கள். பஞ்சாப், ஹரியானா, தில்லி, வடகிழக்கு என்று பேசிக்கொண்டிருந்தோம். தமிழ்நாட்டில் இது வேறு வேஷத்தில் வந்தது, மருந்துக்கடை அட்டையில். சில வருஷங்களாகப் பத்திரிகையில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள், "போதைக்காக வலி நிவாரணி மாத்திரை விற்ற வாலிபர்கள் கைது" என்று ஒரு பத்திச் செய்தி. பெரும்பாலும் அது டேப்பன்டடால். வீரியத்தில் டிரமடாலுக்கும் மார்பினுக்கும் நடுவில் நிற்கும் மருந்து. வாயில் போட வேண்டிய அதைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

மாத்திரை என்பது மருந்து மட்டும் கிடையாது என்பதை அந்தப் பையன்கள் யோசிப்பதே இல்லை. அதை உருண்டையாகப் பிடித்து வைக்க மாவுச்சத்தும் டால்க்கும் மேல்பூச்சும் சேர்த்திருப்பார்கள். வயிற்றுக்குள் போனால் இவற்றால் ஒன்றும் இல்லை. ரத்தத்துக்குள் போனால் கரையாத துகளாக நுரையீரலின் மெல்லிய குழாய்களில் போய் அடைக்கும், குத்திய இடம் சீழ் பிடிக்கும், இதய வால்வில் கிருமி உட்காரும். ஊசியைப் பங்கு போட்டால் ஹெபடைடிஸ் சி, எச்ஐவி. என் கடைக்கு ஒரு பையன் முழங்கைக்கு உள்பக்கம் கைக்குட்டை கட்டிக்கொண்டு வந்து ஆயின்மென்ட் கேட்டான். அவிழ்க்கச் சொன்னேன். எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கி, நடுவில் கருத்து, சுற்றிலும் தோல் பளபளவென்று இருந்தது. "கொசு கடிச்சதுண்ணா" என்றான். ஆயின்மென்ட் இதற்கு ஆகாது, இன்றைக்கே பெரியாஸ்பத்திரி சர்ஜரி வார்டுக்குப் போ என்று பஸ் காசு கொடுத்து அனுப்பினேன். போனானா தெரியாது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சந்தேகப்படும்படி யாராவது சிரிஞ்சு கேட்டால் பல கடைகளில் விரட்டிவிடுவார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் செய்தேன். இப்போது செய்வதில்லை. மாத்திரையைச் சீட்டு இல்லாமல் தரமாட்டேன், அதில் மாற்றமே இல்லை. ஆனால் சிரிஞ்சைத் தராவிட்டால் அவன் போடாமல் இருக்கப்போவதில்லை, அடுத்தவன் போட்டதை வாங்கிப் போடுவான். எச்ஐவி பரவியது இப்படித்தான். ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குப் புதுச் சிரிஞ்சு கொடுப்பதை அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டமே பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது.

கட்டுப்பாடு வேண்டாமா என்றால், வேண்டும். டிரமடாலை 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே அது எச்-1 என்ற கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் இருந்தது, விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். டிரமடால் இறுகியதும் கூட்டம் டேப்பன்டடால் பக்கம் சாய்ந்தது. ஒரு மருந்தை மட்டும் அடைத்தால் தண்ணீர் பக்கத்து மடையில் போகும். 2025 பிப்ரவரியில் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. டேப்பன்டடாலையும் தசை தளர்த்தும் காரிசோப்ரடாலையும் ஒன்றாகச் சேர்த்த மாத்திரைகளை மும்பையைச் சேர்ந்த ஒரு கம்பெனி செய்து கானா, நைஜீரியா, ஐவரி கோஸ்ட் என்று அனுப்பி, அங்கே தெருவில் போதையாக விற்கப்படுவதை பிபிசி அம்பலப்படுத்தியது. அதன் பிறகுதான் அந்தக் கலவையின் உற்பத்தியையும் ஏற்றுமதியையும் இந்திய அரசு தடை செய்தது. இரண்டுமே மூச்சை அமுக்குபவை, சேர்த்துப் போட்டால் எவ்வளவு கொடூரம் என்று மருந்து படித்த யாருக்கும் தெரியும். படித்தவர்கள்தான் அதைச் செய்தார்கள், அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அமெரிக்காவில் நடந்ததும் டாக்டர் சீட்டில் தொடங்கியதுதான். 1980-ல் ஒரு பெரிய மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் ஓபியாய்டு கொடுக்கப்பட்ட 11,882 பேரில் நான்கு பேர்தான் அடிமையானார்கள் என்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில், நர்ஸ் கையால், சில நாள் வாங்கியவர்களைப் பற்றிய கணக்கு அது. அதை எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் வீட்டில் வைத்து மாத்திரை போட்டாலும் பயமில்லை என்பதற்குச் சான்றாகத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். 1996-ல் ஆக்ஸிகாண்டின் என்ற ஓபியாய்டு வலி மாத்திரை வந்தது. அதன் அடிமைப்படுத்தும் தன்மையை மறைத்து விற்றதாக, அதை விற்ற பர்டூ நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு கம்பெனி 2007-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மாத்திரை கிடைப்பது இறுகியபோது, ஏற்கெனவே பழகிப்போனவர்களுக்கு மருத்துவம் கொடுக்க ஏற்பாடு இல்லை. அவர்கள் ஹெராயினுக்குப் போனார்கள், 2013 வாக்கில் ஃபென்டனில் வந்தது. 2022-ல் அங்கே எல்லா வகை ஓவர்டோஸிலும் செத்தவர்கள் சுமார் 1,08,000, அதில் நாலில் மூன்று பங்கு ஓபியாய்டு. 2024-ல்தான் மொத்தம் 80,000 பக்கம் இறங்கியது.

இதைப் படித்துவிட்டு மார்பின் என்றாலே பயந்துவிடாதீர்கள். நாம் அந்தப் பக்கத் தவறையும் செய்து பார்த்துவிட்டோம். 1985-ல் கடுமையான போதைப்பொருள் சட்டம் வந்ததும் ஆஸ்பத்திரிகள் மார்பின் வைப்பதையே கைவிட்டன. நாட்டின் மருத்துவ மார்பின் பயன்பாடு 97 சதவீதம் சரிந்து 1997-ல் வெறும் 18 கிலோவுக்கு வந்தது. உலகத்துக்கே அபின் விளைத்துக் கொடுக்கும் நாட்டில், நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசே அபின் ஆலை நடத்தும் நாட்டில், புற்றுநோயாளிகள் கட்டிலில் அலறிக்கொண்டு செத்தார்கள். கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், வாயில் போடும் மார்பினை ஒழுங்காகக் கணக்கு வைத்துக் கொடுத்தால் அது தெருவுக்குப் போகாது என்று காட்டியது. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு அனுமதி முறை எளிதானது. உங்கள் வீட்டில் புற்றுநோய் வலியில் ஒருவர் இருந்து, டாக்டர் மார்பின் எழுதினால், "அடிமையாகிவிடுவார்" என்று தயவுசெய்து தடுக்காதீர்கள்.

சிகிச்சைக்கு வருவோம். நம் ஊரில் சிகிச்சை என்றால் பலருக்கும் நினைவில் வருவது ஒரு கட்டடம், பூட்டிய கேட், சில மாதம், யோகா, பிரார்த்தனை. உடம்பிலிருந்து போதையை வெளியே எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம். விலகலைத் தாங்கவைப்பது சிகிச்சையின் முதல் வாரம் மட்டுமே. அதோடு நிறுத்தினால் பெரும்பாலானவர்கள் திரும்ப எடுக்கிறார்கள், அதுவும் பழக்கம் இறங்கிய உடம்போடு.

உயிரைக் காப்பாற்றும் என்று உறுதியாகத் தெரிந்த வழி மருந்துதான். 1965-ல் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரண்டு டாக்டர்கள், ஹெராயின் பழகியவர்களுக்குத் தினம் ஒருமுறை மெத்தடோன் கொடுத்தால் ஏக்கம் அடங்கி, அவர்கள் படிக்கவும் வேலைக்குப் போகவும் முடிகிறது என்று எழுதினார்கள். பின்னால் வந்த ப்யூப்ரனார்ஃபின் இன்னும் பாதுகாப்பானது. அது பூட்டுக்குள் கெட்டியாக உட்காரும், ஆனால் பாதிதான் திறக்கும். பாதி திறப்பதால் விலகல் வராது, ஏக்கம் தணியும். முழுசாகத் திறக்காததால் அளவைக் கூட்டிக்கொண்டே போனாலும் மூச்சை அமுக்குவது ஒரு கட்டத்துக்கு மேல் கூடுவதில்லை. கெட்டியாக உட்கார்ந்திருப்பதால் மேலே வேறு சரக்கு போட்டாலும் அதற்கு இடம் கிடைப்பதில்லை. நாக்குக்கு அடியில் வைத்து ஐந்து பத்து நிமிஷம் கரையவிட வேண்டும், விழுங்கினால் பயன் குறைவு. ஒரு எச்சரிக்கை: உடம்பில் ஹெராயினோ மாத்திரையோ இன்னும் இருக்கும்போதே இதைப் போட்டால், இது அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து திடீர் விலகலைக் கிளப்பிவிடும். அதனால் விலகல் நன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகுதான் டாக்டர் முதல் மாத்திரையைக் கொடுப்பார். அந்த முதல் நாள் கஷ்டத்தைப் பார்த்துவிட்டு "மருந்து ஒத்துக்கல" என்று ஓடிவந்துவிடக் கூடாது.

"ஒரு போதைக்குப் பதிலா இன்னொரு போதையா?" இதைக் கேட்காத குடும்பமே இல்லை. நான் அவர்களிடம் சர்க்கரை மாத்திரையைக் காட்டுவேன். தினமும் போடுகிறீர்களே, அதற்கு அடிமையா? மருந்தைச் சார்ந்திருப்பது வேறு, அதற்காகத் திருடி, வேலை போய், நரம்பைக் குத்திக்கொண்டு அலைவது வேறு. அளவு சரியாக அமைந்த ப்யூப்ரனார்ஃபினில் இருப்பவரைப் பார்த்தால் உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. எண்களும் இதையே சொல்கின்றன. 2017-ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மெத்தடோன் சிகிச்சையில் இருக்கும்போது வருஷத்துக்கு ஆயிரம் பேரில் சுமார் 11 பேர் இறந்தார்கள், சிகிச்சையை விட்டு வெளியே இருந்தபோது 36 பேர். பிரான்ஸ் 1990-களின் நடுவில் சாதாரணக் குடும்ப டாக்டர்களே ப்யூப்ரனார்ஃபின் எழுதலாம் என்று திறந்துவிட்டது, 1995-க்கும் 1999-க்கும் இடையில் ஓவர்டோஸ் சாவு 79 சதவீதம் குறைந்தது. இந்த இரண்டு மருந்துகளும் 2005-லிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன.

எத்தனை நாள் போட வேண்டும் என்பது அடுத்த கேள்வி. மாதங்கள், பலருக்கு வருஷங்கள். "ஆறு மாசமா நல்லாத்தான இருக்கான், நிறுத்திடலாம்" என்று வீட்டில் முடிவெடுப்பதுதான் ஆகப் பெரிய ஆபத்து, நிறுத்திய முதல் நாலு வாரம்தான் சாவு கூடும் நேரம். குறைப்பதானால் டாக்டரோடு பேசி மெதுவாக. கூடவே பேச்சு சிகிச்சையும், வேலையும், மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருத்துவமும் வேண்டும். ஆனால் அவற்றைக் காரணம் காட்டி மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

எங்கே போவது? அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவில் முதலில் கேளுங்கள். ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு ப்யூப்ரனார்ஃபினை இலவசமாகத் தரும் ஓஎஸ்டி (ஓபியாய்டுக்கு மாற்று மருந்து சிகிச்சை) மையங்களை எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் நடத்துகிறது. பஞ்சாபில் 2017-லிருந்து புறநோயாளி மையங்களிலேயே இந்த மருந்து கிடைக்கிறது, இங்கேயும் அந்த அளவுக்குப் பரவலாக வர வேண்டும் என்பது என் ஆசை. 14446 என்பது போதை மீட்புக்கான இலவச தேசிய உதவி எண். மனநலத்துக்கு 14416. போலீஸ் பயத்தால் வராதவர்களுக்காக ஒன்று: போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. உட்கொண்டதற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. சிகிச்சையை முழுசாக முடிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம். இதை வக்கீலிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், ஓவர்டோஸ். இதை எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கூப்பிட்டால், தோளைக் குலுக்கினால், மார்பெலும்பை முட்டியால் அழுத்தித் தேய்த்தால்கூட எழவில்லை. மூச்சு ரொம்ப மெதுவாக, விட்டுவிட்டு, அல்லது தொண்டையில் கொர் கொர் என்ற சத்தத்தோடு. உதடும் நகமும் நீலம் பாய்ந்து, கண்ணின் கருமணி ஊசிமுனை மாதிரி சுருங்கி. இதைக் குறட்டை என்று நினைத்து விட்டுவிட்டுப் போன வீடுகள் உண்டு. உடனே 108. என்ன போட்டான் என்று தெரிந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். மூச்சு நின்றிருந்தால் தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து ஐந்து நொடிக்கு ஒரு தடவை ஊதுங்கள். நாடித்துடிப்பும் இல்லையென்றால் மார்பை அழுத்தவும் வேண்டும், எப்படி என்று 108-ல் போனிலேயே கேளுங்கள். மூச்சு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாந்தி எடுத்தாலும் அடைக்காது. தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். தலையில் தண்ணீர் ஊற்றுவது, மோர் புகட்டுவது, நடக்கவைப்பது எதுவும் வேண்டாம், நேரம்தான் போகும்.

இதற்கு மாற்று மருந்து இருக்கிறது, நலோக்சோன். பூட்டிலிருந்து ஓபியாய்டைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும், இரண்டு மூன்று நிமிஷத்தில் நீலம் பாய்ந்தவன் மூச்சிழுத்து எழுவான். ஓபியாய்டு போடாதவருக்குக் கொடுத்துவிட்டாலும் கெடுதல் இல்லை. ஆனால் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான் வேலை செய்யும், உள்ளே இருக்கும் சரக்கு அதைவிட நேரம் நிற்கலாம், எனவே எழுந்துவிட்டான் என்று வீட்டுக்குக் கூட்டிவராமல் ஆஸ்பத்திரியில் வைத்திருக்க வேண்டும். ஓவர்டோஸைப் பார்க்க வாய்ப்புள்ள நண்பர்கள், குடும்பத்தார் கையிலேயே இது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-ல் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 2023-லிருந்து மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகச் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கலாம். இங்கே பெரும்பாலும் அது ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் ஊசிமருந்துதான். மையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவர் கையிலும் இதைக் கொடுத்து, அம்மாவுக்கோ அண்ணனுக்கோ பத்து நிமிஷம் சொல்லிக்கொடுத்து அனுப்பினால் என்ன? விலை ஒரு தடையாக இருக்கக்கூடிய மருந்தே இல்லை இது.

வீட்டளவில் தடுப்பதற்குப் பெரிய வித்தை எதுவும் கிடையாது. ஆபரேஷனுக்குப் பிறகு வலி மாத்திரை எழுதினால் எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள், மிச்சத்தை அலமாரியில் வைக்காதீர்கள், "எனக்குக் கேட்டுச்சு" என்று பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். அட்டையில் சிவப்பு எழுத்தில் என்ஆர்எக்ஸ் என்று இருந்தால் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்து. எதுவானாலும் ஓபியாய்டோடு மதுவோ அல்பிரசோலம் மாதிரித் தூக்க மாத்திரையோ சேரவே கூடாது. மூட்டை தூக்குகிறவரும் டைல்ஸ் ஒட்டுகிறவரும் வலியோடுதான் வேலைக்குப் போகிறார்கள், அவர்களுக்கு மேஸ்திரியே மாத்திரை கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. மகனோ கணவனோ எந்த மாத்திரை போடுகிறான் என்று அட்டையை வாங்கிப் பாருங்கள், பெயர் புரியாவிட்டால் பக்கத்து மருந்துக்கடையில் காட்டுங்கள். சொல்லித் தருவோம்.

மையத்தில் சேர்த்தே ஆக வேண்டும் என்றால், முன்பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா, காட்டச் சொல்லுங்கள். மனநல டாக்டர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், ப்யூப்ரனார்ஃபின் கொடுப்பார்களா, வெளியே வந்த பிறகு யார் தொடர்ந்து எழுதித்தருவார்கள்? வீட்டுக்கு அனுப்பும் அன்று, பழக்கம் இறங்கிவிட்டது, இனி பழைய அளவு கொல்லும் என்று பையனையும் உங்களையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லுவார்களா? சொல்ல மாட்டார்கள் என்றால் நீங்களே சொல்லுங்கள். திரும்ப எடுத்துவிட்டால் ஒளிந்துகொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு எடுக்காதே, திட்டமாட்டேன், என்னிடம் சொல் என்று சொல்லுங்கள். சொல்வது கஷ்டம்தான், எனக்கும் ஒரு பையன் இருக்கிறான்.

அந்த அம்மா இப்போதும் மாதாமாதம் வருகிறார். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன், போன தை மாதம், கடைக்குள் நாற்காலி போட்டு உட்காரவைத்து. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதை அவங்க அன்னிக்கே சொல்லியிருந்தா ராத்திரி அவன் பக்கத்துலயே படுத்திருப்பேனே தம்பி" என்றார்.